பல அணி பார்க்கிற அவுட்ஃபீல்டர் ஆவது எப்படி: வடசென்னை கிரிக்கெட், ஃபுட்பால் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சிக் குறிப்பு

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அணி ஒன்றில் 26 பேர் இருப்பார்கள். அதில் அவுட்ஃபீல்டர்கள், அதாவது பேட்டரிடமிருந்து தள்ளி மைதானத்தின் வெளிப்பகுதியில் நின்று பந்து பிடிப்பவர்கள், பெரும்பாலும் நாலைந்து பேர். மூன்று பேர் தினமும் இறங்குவார்கள்; மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு இடத்துக்குத்தான் அடிபிடி. அந்த இடத்தைப் பிடித்து, ஊர் ஊராக மாறி, பத்துப் பதினைந்து வருஷம் சம்பளம் வாங்கியவர்கள் நிறைய உண்டு. அணி மாறினால் ஆள் தேறவில்லை என்று நம்மூரில் நினைப்பார்கள். கணக்கைப் பார்த்தால் பல நேரம் நேர்மாறாக இருக்கும்.

கென்னி லாஃப்டனை எடுத்துக்கொள்ளுங்கள். சென்டர் ஃபீல்டர், அதாவது அவுட்ஃபீல்டின் நடுவில் நிற்பவர்; பேட்டர் பார்வையில் இடப்பக்கம் நிற்பவர் லெஃப்ட், வலப்பக்கம் நிற்பவர் ரைட். 1991 முதல் 2007 வரை 17 சீசன், 11 அணிகள். 2002-லும் 2003-லும் ஜூலை மாதக் கடைசியில், சீசன் நடுவில் கைமாறினார். வாங்கியது யார்? பிளேஆஃபுக்குக் குறிவைத்திருந்த சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸும் சிகாகோ கப்ஸும். அப்போது அவருக்கு வயது 35, 36. இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டியது: கல்லூரியில் அவர் கூடைப்பந்து ஆடியவர், 1988-ல் அரிசோனா பல்கலைக்கழக அணியோடு தேசியப் போட்டியின் கடைசி நான்கு வரை போனவர். வேறு ஆட்டத்திலிருந்து தாமதமாக வருவது குறையே இல்லை. வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடி வளர்ந்த கால், தண்டையார்பேட்டையில் டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடி வளர்ந்த கண், இரண்டும் அவுட்ஃபீல்டுக்கு நல்ல மூலதனம்.

பேட்டிங் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் போகும். எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வருவது வேறு: பந்து அடிபட்டதும் வைக்கும் முதல் எட்டு (காலடி), நேரான த்ரோ, மூன்று இடத்திலும் நிற்கத் தெரிவது, பெஞ்சிலிருந்து எழுந்து வந்து உடனே ஓடத் தெரிவது. இந்தக் குறிப்பு அவற்றைப் பற்றித்தான்.

பந்தும் கிளவுஸும்

கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம். பேஸ்பால் 142 முதல் 149 கிராம்; சுற்றளவு மட்டும் ஒரு நூல் கூடுதல், சுமார் 23 செ.மீ. எடை குறைவு, பருமன் அதிகம் என்பதால் காற்று இதன் மேல் அதிகம் வேலை செய்யும். கிரிக்கெட்டில் லாங்-ஆனில் நின்று பழகியவர் ‘இது இங்கே விழும்’ என்று போடும் மனக்கணக்கு ஆரம்பத்தில் தப்பும். கண்ணைக் குறை சொல்லாமல் ஒரு 200, 300 கேட்ச் பிடித்துப் பழகுங்கள். கணக்கு தானாகத் திருந்தும்.

அவுட்ஃபீல்டு கிளவுஸ் 12.5 அல்லது 12.75 அங்குலம் இருக்க வேண்டும். 11.5 அங்குலம் என்பது உள்வட்டத்தில் நிற்பவர்களுக்கானது. செகண்ட்-ஹேண்டில் மலிவாக வருகிறதே என்று வாங்கினால், ஓடிக்கொண்டே கை நீட்டிப் பிடிக்கும்போது பந்து விரல் நுனியில் பட்டுத் தெறிக்கும். வலது கையால் எறிகிறவர் கிளவுஸை இடது கையில் மாட்டுவார். ஆன்லைனில் வாங்கும்போது இந்த ஒரு இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ‘ரைட் ஹேண்ட் த்ரோ’ என்று போட்டிருந்தால் அது இடது கையில் மாட்டுவது.

புதுக் கிளவுஸ் பலகை மாதிரி விறைப்பாக இருக்கும். வெந்நீரில் முக்குவது, வெயிலில் போடுவது, தேங்காய் எண்ணெயைக் கொட்டித் தேய்ப்பது எல்லாம் தோலைக் கெடுக்கும். எண்ணெய் அதிகமானால் கிளவுஸ் கனத்து, குழி தொங்கிவிடும். குழியில் பந்தை வைத்து மூடி, பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி ராத்திரி முழுக்க விடுங்கள். பகலில் தினமும் 50 பந்தாவது பிடியுங்கள். ஒரு மாதத்தில் இளகும். நம் பக்கத்துப் பிரச்சினை உப்புக்காற்று. காசிமேடு, திருவொற்றியூர்க் கடலோரத்தில் ஆடினால் வியர்வையும் உப்பும் சேர்ந்து முதலில் வார்களைத்தான் தின்னும். ஆட்டம் முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில், மின்விசிறிக் காற்றில் ஆறவிடுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சை பூக்கும். வார் அறுந்துவிட்டது என்று கிளவுஸையே தூக்கிப்போட வேண்டாம். பெரியமேட்டுத் தோல் கடைகளில் 5 மி.மீ. அகலத் தோல் வார் கேளுங்கள். ஒரு கிளவுஸின் வலைப்பகுதிக்கு ஆறடி போதும். தெருமுனையில் செருப்பு தைக்கிறவரிடம் பழைய வார் போன வழியைக் காட்டினால் கோர்த்துக் கொடுத்துவிடுவார். பிரிப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் எட்டு

மேஜர் லீக்கில் இப்போது அவுட்ஃபீல்டரின் ஓட்டத்தைக் கேமராவால் அளக்கிறார்கள். பந்து வீசுகிற பிட்சர் அதைக் கையிலிருந்து விட்டதிலிருந்து மூன்று வினாடி. முதல் ஒன்றரை வினாடியில் எவ்வளவு தூரம் நகர்ந்தான், அடுத்த ஒன்றரை வினாடியில் எவ்வளவு வேகம் பிடித்தான், போன வழி நேராக இருந்ததா என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். ஒரு சாதாரண ஃப்ளை பால் (உயர எழும்பும் அடி) நாலு முதல் ஆறு வினாடி வரைதான் காற்றில் இருக்கும் என்பதால், பாதி விதி அந்த மூன்று வினாடியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

கிரிக்கெட்டிலிருந்து வருகிறவர்கள் இங்கேதான் தடுக்குவார்கள். பவுலர் ஓடிவரும்போது ஃபீல்டரும் உள்ளே நடந்து வருவது கிரிக்கெட் பழக்கம். உடம்பின் எடை முன்பக்கம் இருக்கும். பந்து தலைக்கு மேலே போனால் அந்த எடையை நிறுத்தி, திருப்பி, பின்னால் கொண்டுபோக ஒரு வினாடி ஆகும். அவுட்ஃபீல்டில் அந்த ஒரு வினாடிக்கு விலை ஒரு பேஸ் (ஒரு ரன்னுக்கு வரிசையாக ஓடித் தொட வேண்டிய நான்கு இடங்களில் ஒன்று), சில நேரம் இரண்டு. ஆகவே இரண்டு சின்ன எட்டு மட்டும் வையுங்கள். பேட்டர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டைப் பந்து எட்டும் நேரத்தில் இரண்டு காலும் சமமாக, குதிகால் லேசாகத் தூக்கி, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்க வேண்டும்.

பந்து பின்னால் போகிறது என்று தெரிந்ததும் முகத்தை முன்னால் வைத்துக்கொண்டே பின்னோக்கி ஓடாதீர்கள். வேகமும் வராது, மல்லாக்க விழவும் வாய்ப்பு உண்டு. பந்து வலது தோளுக்கு மேலே போனால் வலது காலை முதலில் பின்னால் எடுத்து இடுப்பைத் திறக்க வேண்டும். அடுத்த எட்டில் இடது கால் குறுக்கே வரும். பிறகு சாதாரண ஓட்டம்தான். இடது தோள் பக்கமானால் இதையே மாற்றிச் செய்யுங்கள். கையைத் தூக்கிக்கொண்டே ஓடுவது இன்னொரு கெட்ட பழக்கம். கிளவுஸைக் கடைசி இரண்டு எட்டில் நீட்டினால் போதும்.

பயிற்சிக்குப் பெரிய மைதானம் வேண்டாம். ஒருவர் பத்தடி தள்ளி நின்று கையால் வலது, இடது என்று காட்டட்டும். காட்டிய பக்கம் இடுப்பைத் திறந்து ஐந்து எட்டு ஓடுங்கள். பக்கத்துக்குப் பத்து, வாரம் நாலு நாள். பிறகு பந்தோடு. உயரப் பந்து அடிக்க ஆளில்லை என்றால் பழைய டென்னிஸ் ராக்கெட்டும் டென்னிஸ் பந்தும் போதும்; கிரிக்கெட் மட்டையால் அடிப்பதைவிட உயரமும் திசையும் சொன்னபடி கேட்கும். கிளவுஸ் இல்லாமல் இரண்டு கையால் பிடித்துப் பழகினால் உள்ளங்கை பந்துக்குக் கீழே சரியாக வரத் தொடங்கும்.

பந்து வளைவதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். லெஃப்ட் ஃபீல்டுக்கும் ரைட் ஃபீல்டுக்கும் வரும் பந்து பெரும்பாலும் அந்தந்தப் பக்கத்து ஃபவுல் கோட்டை (ஆட்டப் பகுதியின் பக்கவாட்டு எல்லைக்கோடு) நோக்கி வளையும். கோட்டுப் பக்கம் ஒரு எட்டு கூடுதலாக ஓடுங்கள். உள்ளே திரும்பி வருமென்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். எல்லாவற்றிலும் கஷ்டமானது சென்டரில் நேராக முகத்துக்கு வரும் தாழ்வான அடி. தூரம் தெரியாது. முதல் எட்டைப் பின்னால் வைத்துவிடுங்கள். முன்னால் விழுந்தால் ஒரு பேஸ், தலைக்கு மேலே போனால் மூன்று.

சூரியனும் காற்றும்

பேஸ்பால் விதிப்புத்தகம் ஹோம் பிளேட்டிலிருந்து பிட்சர் வழியாக இரண்டாம் பேஸுக்குப் போகும் கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்கிறது. பேட்டர் கண்ணில் சாயங்கால வெயில் படக்கூடாது என்பதற்காக. அப்படியானால் வெயில் யார் கண்ணில் படும்? அவுட்ஃபீல்டர் கண்ணில். சென்னையில் இதற்கு மாதக் கணக்கே உண்டு. மார்கழி, தையில் சூரியன் தென்மேற்கே சாய்ந்து இறங்குவதால் லெஃப்ட், சென்டரில் நிற்பவர்களுக்குத் தொல்லை. சித்திரை, வைகாசியில் வடமேற்குப் பக்கம் நகர்வதால் ரைட் ஃபீல்டருக்குத் தொல்லை. மைதானத்தை நீங்களே கோடு போட்டு அமைப்பதாக இருந்தால் இதைப் பார்த்துப் போடுங்கள். நம் பக்கம் பெரும்பாலும் காம்பவுண்டு சுவரும் கோல் போஸ்ட்டும் விட்ட இடத்தில்தான் பிளேட் வைக்க வேண்டியிருக்கும், அது வேறு. வெயிலை நேராகப் பார்க்காதீர்கள். கிளவுஸைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து, அதன் ஓரத்துக்குக் கீழே பந்தைத் தேடுங்கள். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பினால் பந்து வெயிலிலிருந்து வெளியே வரும்.

காற்று இன்னும் முக்கியம். கோடையில் காலை நேரத்தில் பெரும்பாலும் தரைக்காற்று மேற்கிலிருந்து வரும். பிளேட் மேற்கே இருந்தால் அது பந்தைத் தூக்கிக்கொண்டு போகும். வழக்கமான இடத்தைவிட நாலைந்து எட்டு பின்னால் நில்லுங்கள். மதியத்தை ஒட்டிக் கடல்காற்று கிளம்பியதும் கதை தலைகீழ். எதிர்க்காற்றில் ஏறின பந்து உச்சியில் நின்றது போல் நின்று, முன்னால் வந்து விழும். பின்னால் ஓடினவன் திரும்பி முன்னால் பாய வேண்டியிருக்கும். திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் கடல்காற்று முதலில் தட்டும். வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் கொஞ்ச நேரம் கழித்து, கொஞ்சம் மட்டுப்பட்டு வரும். ஆட்டம் நடுவிலேயே காற்று திரும்பிவிடும் என்பதால் ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் ஒரு சிட்டிகை உலர்ந்த மண்ணை உதிர்த்துப் பாருங்கள். கொடி, பனைமட்டை, துணி காயும் மொட்டைமாடி எது தெரிகிறதோ அதையும் பாருங்கள். கீழே காற்றே இல்லாமல் மேலே வீசிக்கொண்டிருக்கும் நேரங்கள் உண்டு.

த்ரோ

கிரிக்கெட் ஃபீல்டர்களுக்குக் கை பலம் இருக்கும், திசை இருக்காது. காரணம் பக்கவாட்டில் எறிவது. பக்கவாட்டில் எறிந்த பேஸ்பால் எறிகிற கைப்பக்கமாக ஓடும். 60 மீட்டரில், பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் கேட்சரை விட்டு விலகிவிடும். கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து, தையல் நான்கும் உருளும்படி பிடித்து எறிய வேண்டும். பந்தில் தையல் லாடம் மாதிரி வளைந்திருக்கும் இடம் ஒன்று தெரியும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அந்த வளைவுக்குக் குறுக்கே, கட்டைவிரல் நேர் கீழே. இரண்டு விரலுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. பார்க்காமல் இந்தப் பிடிக்கு வரவேண்டும். வீட்டில் டிவி பார்க்கும்போது பந்தைக் கிளவுஸில் போட்டு, எடுத்து, பிடித்துப் பாருங்கள். தினம் நூறு தடவை.

அடுத்தது கால். வலது கை எறிகிறவர் பந்தைப் பிடித்ததும் வலது காலால் முன்னோக்கி ஒரே ஒரு தத்து. அந்தக் கால் பக்கவாட்டில் திரும்பி ஊன்ற வேண்டும். இடது கால் இலக்கை நோக்கி நீள, கை மேலிருந்து வரும். ஒரு தத்துதான். மூன்று நாலு எட்டு ஓடி எறிந்தால் வேகம் கூடும் என்று தோன்றும். ஒவ்வொரு கூடுதல் எட்டுக்கும் ரன்னர் ஏழெட்டு அடி ஓடியிருப்பான்.

ரன்னர் மூன்றாம் பேஸில் நின்று, ஃப்ளை பால் பிடிபடக் காத்திருக்கிறான் என்றால் பந்துக்கு நேர் கீழே போய் நிற்காதீர்கள். மூன்று எட்டு பின்னால் நின்று, முன்னால் வந்துகொண்டே, எறிகிற தோளுக்கு மேலே பிடியுங்கள். விதி ஒன்று பலருக்குத் தெரியாது: பந்து கிளவுஸை முதலில் தொட்ட கணமே ரன்னர் கிளம்பலாம். தட்டித் தடுமாறிப் பிடிப்பதால் அவனை நிறுத்த முடியாது.

உயர வளைத்து எறியாதீர்கள். கட்-ஆஃப் நிற்பவரின், அதாவது த்ரோவை நடுவழியில் வாங்கி மாற்றி எறிய நிற்பவரின், தலையைக் குறிவைத்துத் தாழ்வாக எறியுங்கள். லெஃப்ட்டிலிருந்து ஹோமுக்கு என்றால் வழக்கமாக மூன்றாம் பேஸ்மேன் கட்-ஆஃப். சென்டர், ரைட்டிலிருந்து என்றால் முதல் பேஸ்மேன். பிளேட்டிலிருந்து சுமார் 45 அடி முன்னால் நிற்பார். அவர் விட்டால் பந்து ஒரு துள்ளலில் கேட்சரிடம் போக வேண்டும், பத்துப் பதினைந்து அடி முன்னால் பட்டு. கட்டாந்தரையில் இது நன்றாக வேலை செய்யும். மழை பெய்து ஈரமான மணலில் பந்து துள்ளாமல் செத்துவிடும். அன்றைக்குக் கட்-ஆஃபின் கிளவுஸையே குறிவையுங்கள்.

எங்கே எறிவது என்பதைப் பந்து வருவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஹோமில் பிடிக்க முடியாத ரன்னரைத் துரத்தி எறிந்தால், அடித்தவன் சும்மா இரண்டாம் பேஸுக்கு நடந்து போவான். போன ரன் போகட்டும், இரண்டாம் பேஸுக்கு எறியுங்கள்.

கையைப் பாதுகாக்க: 15 மீட்டரில் ஆரம்பித்து 30, 45 என்று நகருங்கள், ஒவ்வொன்றிலும் இருபது எறி. வாரத்துக்கு மூன்று நாள் போதும். முழங்கையின் உள்பக்கம் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். ஸ்பிரே அடித்துக்கொண்டு தொடரக் கூடாது.

பந்து வராதபோது

அவுட்ஃபீல்டர் சும்மா நிற்கும் நேரமே கிடையாது. உள்வட்டத்தில் எந்தத் தரைப்பந்து அடித்தாலும் ரைட் ஃபீல்டர் முதல் பேஸுக்குப் பின்னால் ஓட வேண்டும். மூன்றாம் பேஸுக்கு எறிந்தால் லெஃப்ட் ஃபீல்டர். இரண்டாம் பேஸுக்கும், பக்கத்து இரண்டு அவுட்ஃபீல்டர்களுக்கும் பின்னால் சென்டர். பத்துத் தடவையில் ஒன்பது தடவை பந்து வராது. தேர்வாளர்கள் கவனிப்பது அந்த ஒன்பதைத்தான்.

கூப்பிடும் குரல் ஒரே சொல்லாக இருக்கட்டும். “என்னுது! என்னுது! என்னுது!” மூன்று தடவை, பந்து இறங்கத் தொடங்கியதும். “நீ எடு மச்சான்”, “விடு, விடு” என்பதெல்லாம் சத்தத்தில் யார் யாருக்குச் சொன்னது என்று புரியாமல் இரண்டு பேரும் மோதிக்கொள்ளத்தான். சென்டர் ஃபீல்டர் கூப்பிட்டுவிட்டால் மற்ற எல்லோரும் விலக வேண்டும். உள்வட்டக்காரர் பின்னால் ஓடிவந்தால் முன்னால் வரும் அவுட்ஃபீல்டருக்கே பந்து.

பெஞ்ச்

டேவ் ராபர்ட்ஸ் ஐந்து அணிகளுக்கு ஆடிய அவுட்ஃபீல்டர். 2004 ஜூலை 31-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு மாற்றப்பட்டார். அந்த அக்டோபர் 17-ல் நியூயார்க் யாங்கீஸ் தொடரில் 3-0 முன்னிலை. நாலாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 4-3 பின்தங்கியிருந்தது. மாற்று ரன்னராக ராபர்ட்ஸ் முதல் பேஸுக்கு வந்தார். அவர் பேஸ் திருடப் போகிறார், அதாவது பேட்டர் அடிக்கக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடப் போகிறார் என்று அரங்கத்துக்கே தெரியும். யாங்கீஸ் பிட்சர் மரியானோ ரிவேரா மூன்று தடவை முதல் பேஸுக்கு எறிந்து பார்த்தார். அடுத்து பேட்டருக்கு வீசிய முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் ஓடி இரண்டாம் பேஸைப் பிடித்தார், பாஸ்டன் பேட்டர் பில் மியூலரின் அடியில் ஹோம் பிளேட்டுக்கு வந்து ரன் சேர்த்தார், ஆட்டம் சமன். பாஸ்டன் அந்த ஆட்டத்தையும் தொடரையும், மேஜர் லீக்கின் இறுதிக் கட்டமான உலகத் தொடரையும் வென்றது. அந்த உலகத் தொடரில் ராபர்ட்ஸ் இறங்கவே இல்லை. மேட் ஸ்டெயர்ஸ் இன்னொரு வகை: பத்துக்கு மேற்பட்ட அணிகள் பார்த்தவர், மாற்று பேட்டராக வந்து 23 ஹோம் ரன் அடித்தவர், அது மேஜர் லீக் சாதனை.

ராபர்ட்ஸ் செய்ததற்குக் கணக்கு உண்டு. நல்ல பிட்சர் அசையத் தொடங்கியதிலிருந்து பந்து கேட்சரை அடைய சுமார் 1.3 வினாடி. கேட்சர் பிடித்து இரண்டாம் பேஸில் சேர்க்க 2 வினாடி. ஆக 3.3. போன் ஸ்டாப்வாட்சில் எதிரணி பிட்சரை, கேட்சரைப் பெஞ்சிலிருந்தே அளந்து கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் நேரத்தையும் அளங்கள்: பேஸிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி நின்று, கிளம்பி, சறுக்கி, கால் பேஸைத் தொடும் வரை. உங்கள் எண் குறைவாக இருந்தால் ஓடுங்கள். நாலில் மூன்று தடவையாவது தப்ப முடியாதவர் திருடுவது அணிக்கு நஷ்டம்.

ஏழாவது இன்னிங்ஸ் வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தால் தொடை பிடித்துக்கொள்ளும். நாலாவது இன்னிங்ஸிலிருந்தே ஒவ்வொரு இடைவேளையிலும் ஃபவுல் கோட்டை ஒட்டி 30 மீட்டர் நாலு ஓட்டம். சென்னை ஈரக்காற்றில் வியர்வை காயாது, உப்பு போய்க்கொண்டே இருக்கும். வெறும் தண்ணீர் போதாது, உப்பு போட்ட மோர் கொண்டுவாருங்கள்.

புது அணியில் முதல் நாள்

பள்ளி அணி, கல்லூரி அணி, மாவட்டம், பல்கலைக்கழகம் என்று நம்மூர் ஆட்டக்காரரும் அணி மாறிக்கொண்டுதான் இருக்கிறார். மேஜர் லீக்கில் ‘டெசிக்னேட்’ செய்யப்பட்ட, அதாவது அணிப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்ட ஆளுக்கு ஏழு நாளுக்குள் முடிவு தெரிந்துவிடும். வேறு அணிக்குப் போகலாம், கீழ்நிலை அணிக்குப் போகலாம், விடுவிக்கப்படலாம். அடுத்த நாளே வேறு மைதானத்தில் ஆட வேண்டி வரும். அதனால் போனவுடன் கேட்க வேண்டியதைப் பழக்கமாக்கி வைத்திருப்பார்கள்.

ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். கோச்சிடம், “சார், ஹோம் த்ரோவுக்கு இங்க யார் கட்-ஆஃப்?” என்று கேளுங்கள், அணிக்கு அணி மாறும். திருடச் சொல்லும் சைகை, நிறுத்தச் சொல்லும் சைகை இரண்டையும் கேட்டுத் திருப்பிச் செய்து காட்டுங்கள். பக்கத்தில் நிற்கப்போகிற அவுட்ஃபீல்டரிடம் அவருடைய எறிகிற கை எது, எவ்வளவு தூரம் ஓடிவருவார், என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று பேசிக்கொள்ளுங்கள். பிறகு சுவர். சுவரைக் கையால் தொட்டுவிட்டு உங்கள் இடம் வரை எத்தனை எட்டு என்று எண்ணி வாருங்கள். பந்தைச் சுவரில் எறிந்து எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள். செங்கல் சுவரில் வேகமாக வரும், கம்பி வலையில் கீழேயே விழும். ஃபுட்பால் கோல் போஸ்ட், ரோலர், கிரிக்கெட் பிட்ச் விளிம்பு எங்கே என்று பாருங்கள். தரையில் ஜல்லி கிடந்தால் பொறுக்கிப் போடுங்கள். ஜல்லி நிறைய இருக்கும் மைதானத்தில், பேஸில் யாரும் இல்லாதபோது வரும் தரைப்பந்துக்கு ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, உடம்பையே தடுப்பாக வைத்துப் பிடியுங்கள். ரன்னர் இருந்தால் அந்த வசதி இல்லை, ஓடிவந்து எடுத்துத்தான் ஆகவேண்டும். அதற்கு முன்னேற்பாடாக வார்ம்-அப்பில் மூன்று இடத்திலும் ஐந்து ஐந்து தரைப்பந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்த இடத்துக்கு அனுப்புவார்கள் என்று ஆட்டம் தொடங்கும் வரை தெரியாது.